‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் கருப்பொருள் ‘அறிவியலின் ஆபத்து’ என்று எழுதினால் ஏன் தப்பு?

அரைப்பக்கம் எழுதியது:

வணக்கம். நான் கணக்கியல் படித்தவன். வேலையில் இருந்துகொண்டே இப்போது அஞ்சல் வழியில் இலக்கியம் படிக்கிறேன், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலின் மையக் கருப்பொருளைக் கண்டு விளக்கச் சொல்லி ஒரு கட்டுரை. இரண்டு முறை படித்துவிட்டு, அறிவியலின் ஆபத்துதான் கருப்பொருள் என்று நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வரி: “இது தலைப்பு. கருப்பொருள் எங்கே?” அவ்வளவுதான், வேறு விளக்கம் எதுவும் இல்லை. சரி, நம் புத்திக்கு எட்டவில்லை போலிருக்கிறது என்று இணையத்தில் தேடினால் ஒவ்வொருவரும் ஏழெட்டு அடுக்குகிறார்கள். லட்சியவெறி, தனிமை, பழிவாங்கல், இயற்கை, குடும்பம், நீதி... எல்லாமே அந்த நாவலில் இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் எல்லாமே இருக்கிறது என்றால் எதைத்தான் எழுதுவது? இதில் எது ‘மையம்’ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

இன்னொரு சந்தேகமும் உண்டு, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. எழுதியவர் உண்மையிலேயே இதையெல்லாம் யோசித்தாரா, இல்லை நாம்தான் உட்கார்ந்து ஏற்றிச் சொல்கிறோமா?

பழுப்புத்தாள் எழுதியது:

ஓரத்தில் எழுதியவர் கொஞ்சம் கஞ்சத்தனமாக எழுதிவிட்டார், ஆனால் சொன்னது சரி. ‘அறிவியலின் ஆபத்து’ என்பதை ஒரு பட்டிமன்றத்துக்கு வைக்கலாம், நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரைக்கு வைக்கலாம். அந்த நாவலுக்கு மட்டுமே பொருந்துகிற எதுவும் அதில் இல்லை. கதை எதைப் பற்றியது என்பது ஒன்று, அதை எடுத்துக்கொண்டு கதை என்ன செய்கிறது என்பது வேறு. இரண்டாவதைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள்.

உங்கள் நாவலை நீங்களே பாருங்கள், நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன். டால்ஸ்டாயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’, 1886-இல் வந்தது. இது எதைப் பற்றி என்றால் சாவைப் பற்றி. ‘பிறந்தவன் சாவான்’ என்று எழுதினால் அது கருப்பொருளா? இல்லை, அதற்கு டால்ஸ்டாய் எதற்கு? இப்போது புத்தகம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். தலைப்பிலேயே ஆள் செத்தாயிற்று, முதல் அத்தியாயத்திலும் செத்தாயிற்று. சக நீதிபதிகள் செய்தியைக் கேட்டதும் அந்த இடத்துக்கு யார் வருவார், நமக்கு என்ன பதவி கிடைக்கும் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். துக்கம் கேட்கப் போன நண்பர் உட்காருகிற மெத்தை முக்காலியின் ஸ்பிரிங் கிரீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது, எதிரே விதவை அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெற வழியுண்டா என்று நாசூக்காக விசாரிக்கிறாள். ஆக, ‘அவன் பிழைப்பானா’ என்ற பதற்றத்தை டால்ஸ்டாய் தொடக்கத்திலேயே தூக்கி எறிந்துவிட்டார். அப்படியென்றால் மிச்சப் பக்கங்களை எதற்குச் செலவழிக்கிறார்?

புது வீட்டை அலங்கரிப்பதற்கு! திரைச்சீலை எப்படி மடிந்து தொங்க வேண்டும் என்பது வேலையாளுக்குப் புரியவில்லை, இவானே ஏணியில் ஏறிக் காட்டுகிறான், கால் வழுக்குகிறது, ஜன்னல் சட்டத்தின் குமிழில் விலா இடிக்கிறது. கொஞ்சம் வலித்துவிட்டுப் போய்விடுகிறது. பிற்பாடு படுக்கையில் கிடக்கும்போது அவனுக்கே உறைக்கிறது, கோட்டையைப் பிடிக்கப் போய் உயிரை விடுவதுபோல ஒரு திரைச்சீலைக்காக உயிரை விட்டிருக்கிறோமே என்று. நடுவில் ஒரு டாக்டர் வருகிறார். நீதிமன்றத்தில் குற்றவாளிகளை இவான் எந்த முகத்தோடு பார்த்தானோ அதே முகத்தோடு இவனைப் பார்க்கிறார். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு கடைசிக்குப் போனால், ஒரு கறுப்புச் சாக்குக்குள் நுழைய முடியாமல் அவன் தவிக்கும் இடத்தில், எது அவனைத் தடுக்கிறது என்று டால்ஸ்டாய் வெளிப்படையாகவே சொல்கிறார்: தன் வாழ்க்கை நல்ல வாழ்க்கைதான் என்ற நியாயம். அதை விட்ட பிறகுதான் வழி விடுகிறது.

‘சரியாகத்தான் வாழ்ந்தேன் என்ற பிடிவாதமே அவனை நிம்மதியாகச் சாகவிடாமல் வதைக்கிறது.’ இதைக் கருப்பொருள் என்று எழுதலாம். ஏனென்றால் இது ஒரு முழு வாக்கியம், இதில் ஒரு வினை இருக்கிறது, எதிரே ஒருவர் எழுந்து “அப்படியில்லை” என்று சண்டைக்கு வரலாம். ‘சாவு’ என்று எழுதினால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

கறையான் எழுதியது:

நான் வருகிறேன் சண்டைக்கு.

பழுப்புத்தாள் சொன்ன திரைச்சீலை அருமை, ஆனால் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் பிழிந்து கையில் கொடுக்கிறார் பாருங்கள், அங்கேதான் எனக்கு ஒவ்வாது. இப்படியே போனால் எல்லா நாவலும் ஆத்திசூடி ஆகிவிடும். நானும் பள்ளியில் ‘இக்கதை உணர்த்தும் நீதி’ எழுதியே வளர்ந்தவன், அந்த நோய் தீர எனக்குப் பத்து வருஷம் ஆனது.

ஃபிராங்கன்ஸ்டைனையே எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேர் எழுதுவது ‘அளவுக்கு மீறிய ஆசை அழிவு தரும்’ என்று. பேராசை பெருநஷ்டம் என்று சொல்ல 1818-இல் ஒருவர் நாவல் எழுத வேண்டியதில்லை. சரி, தானே ஓர் உருவத்தைச் செய்து உயிர் கொடுத்துவிட்டு அதைக் கண்டு ஓடிய விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் கடைசியில் கப்பலில் சாகும் இடத்தைத் திறந்து பாருங்கள். கப்பல் தலைவர் வால்டனிடம் சொல்கிறான், அமைதியில் மகிழ்ச்சியைத் தேடு, லட்சியத்தை ஒதுக்கு என்று. கட்டுரைக்காரர்கள் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். அடுத்த மூச்சிலேயே அவன் என்ன சொல்கிறான்? இதை ஏன் சொல்கிறேன், நான்தான் தோற்றேன், இன்னொருவன் ஜெயிக்கலாமே என்கிறான்! அதற்குச் சற்று முன்னால்தான், பனியில் சிக்கிய மாலுமிகள் திரும்பிப் போகலாம் என்று கெஞ்சியபோது, கோழைகளா, முன்னே போங்கள் என்று பிரசங்கம் வேறு செய்திருந்தான். தம்பி, நண்பன், மனைவி என்று எல்லாரையும் அந்த உருவத்துக்கு வாரிக் கொடுத்த பிறகும் திருந்தாத ஆள் அவன். நீங்கள் எழுதுகிற நீதியைக் கதாநாயகனே சாகும்போது கிழித்துப் போடுகிறான், அதை எங்கே வைப்பீர்கள்?

என் கட்சி இதுதான்: கருப்பொருள் என்று எதை நினைத்தாலும், அதற்கு ஒத்துவராத பக்கத்தை முதலில் தேடுங்கள். ஒத்துவருவதைத் தேடினால் எல்லாப் பக்கத்திலும் கிடைக்கும், பெருமைப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், தயவுசெய்து ‘மேரி ஷெல்லி 1797-இல் பிறந்தார்’ என்று கட்டுரையை ஆரம்பிக்காதீர்கள்.

உரைகாரி எழுதியது:

இருவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டுதான் அடித்துக்கொள்கிறீர்கள் :) ‘அப்படியில்லை’ என்று எதிரே ஒருவர் சொல்ல முடிய வேண்டும் என்கிறார் பழுப்புத்தாள், அந்த எதிராளி புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறான் என்கிறார் கறையான்.

ஒரு சொல் தகராறு இங்கே எனக்கு எப்போதும் உண்டு, சொல்லிவிடுகிறேன். தீம் என்பதற்கு நாம் ‘கருப்பொருள்’ என்று பழகிவிட்டோம். தொல்காப்பியத்தில் கரு என்பது வேறு: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். அந்த நிலத்தில் கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும்தான் கரு. பிரிதல், இருத்தல், இரங்கல் என்று பாட்டின் உயிராக ஓடுகிறதே, அதற்குப் பெயர் உரி. நாம் இன்று தேடுவது உரியை, பெயர் மட்டும் கருவினுடையது. இதைத் திருத்தச் சொல்லவில்லை, திருத்தவும் முடியாது, ஊரே அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் சங்கப் பாட்டு உரியை நேராகச் சொல்வது குறைவு. ஒரு பறவை, ஒரு குரங்கு, மீன் கவ்விய நாரை என்று கருவை அடுக்கும், நாம் அதன் வழியாக உள்ளே போகிறோம். நாவலுக்கும் இதே வழிதான் என்பது என் அனுபவம். பழுப்புத்தாள் செய்ததும் அதுதானே, சாவைப் பற்றி யோசிக்காமல் திரைச்சீலையைப் பிடித்தார்.

அதனால் அரைப்பக்கம், ‘இது எதைப் பற்றி’ என்று யோசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். பெரிய சொற்களை விட்டுவிடுங்கள். பொருள், உடல், இடம், சைகை. முக்கியமாக முதலில் வந்தது கடைசியில் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ நினைவிருக்கும். கல்லாகக் கிடக்கும் அகலிகையில் தொடங்குகிறது, ராமனின் கால் தூசு பட்டு உயிர் வருகிறது, தலைப்புக்குரிய வேலை அப்போதே முடிந்துவிட்டது. ஆனால் கதை நிற்கவில்லையே! சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் ராமன் என்று கேட்டதும் அகலிகை உடைந்துபோகிறாள், முடிவில் மறுபடி கல். முதல் கல்லும் கடைசிக் கல்லும் ஒன்றா? முதலாவது ஒரு முனிவன் போட்ட சாபம். இரண்டாவதை யாரும் போடவில்லை. அந்த வித்தியாசத்துக்குள் கதையின் உரி மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது, ‘பெண்ணுரிமை’ என்று ஒரு சொல்லில் எழுதினால் அது பறந்துவிடும்.

எழுதியவர் யோசித்தாரா என்ற கேள்விக்குக் கூச்சமே வேண்டாம், நல்ல கேள்வி. தலைப்புப் பக்கத்திலேயே ‘நவீன ப்ரொமீதியஸ்’ என்று துணைத்தலைப்பு இருக்கிறது, களிமண்ணால் மனிதனைச் செய்ததாகக் கிரேக்கப் புராணம் சொல்கிறதே, அந்த ப்ரொமீதியஸ். கூடவே மில்டனின் காவியத்திலிருந்து ஆதாம் கடவுளைக் கேட்கும் வரிகள்: களிமண்ணிலிருந்து என்னைச் செய்யச் சொல்லி நான் கேட்டேனா என்று. அதுவரைக்கும் அவர் யோசித்தார் என்பதற்குச் சாட்சி புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் பக்கத்தைக் காட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. வாழ்க்கை வரலாறும் அப்படித்தான். மேரி பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார், மேரியின் முதல் குழந்தை 1815-இல் பிறந்து சில நாட்களே உயிரோடிருந்தது. இது தெரிந்த பிறகு, விக்டர் ஓர் உயிரை உண்டாக்கிய அன்றிரவு இறந்துபோன தன் தாயைக் கனவில் காண்பதை நான் வேகமாகத் தாண்டிப் போக மாட்டேன். ஆனால் ‘அதனால்தான் இப்படி எழுதினார்’ என்று முடிக்கவும் மாட்டேன்.

அந்த இரவை மெதுவாகப் படியுங்கள். ஒரு வேளை அங்கேயே கிடைக்கலாம்.

அரைப்பக்கம் எழுதியது:

நான்கு நாளாக வேறு வேலையே ஓடவில்லை, உரைகாரி அக்காதான் பொறுப்பு.

அந்த இரவைப் படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இங்கேயும் ஒரு திரைச்சீலை இருக்கிறது! விக்டர் கனவிலிருந்து திடுக்கிட்டு எழும்போது, அவன் உயிர் கொடுத்த அந்த உருவம், அதற்குப் பெயர்கூடக் கிடையாது, அது கட்டில் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வாயில் ஏதோ முனகல், ஒரு கை நீண்டிருக்கிறது. விக்டர் மாடிப்படி இறங்கி ஓடிவிடுகிறான். இரண்டு முறை படித்தும் அந்தக் கை எனக்குக் கண்ணில் படவே இல்லை. அது அடிக்க வந்ததா, கூப்பிட வந்ததா, நமக்குத் தெரியாது, விக்டருக்கும் தெரியாது, அவன் காது கொடுக்கவில்லை, முகத்தைப் பார்த்தான், ஓடினான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், உயிர் வந்தது என்பதே எப்படித் தெரிகிறது என்றால் மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. சரி, கண்ணைக் குறிப்போம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் போகிற இடமெல்லாம் கண்தான்.

அதனிடம் மனிதன்போலப் பேசிய ஒரே ஆள் அந்தக் குடிசைக் கிழவர் டி லேசி, அவருக்குப் பார்வை கிடையாது. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் உள்ளே வந்து கண்ணால் பார்த்த நொடியில் மகன் தடியால் அடிக்கிறான். அடுத்து விக்டரின் தம்பி வில்லியம், சின்னப் பையன், இவனுக்கு இன்னும் வெறுக்கத் தெரியாது என்று நம்பி அது கிட்டே போகிறது, அவன் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். பனிமலையில் விக்டரைச் சந்திக்கும் இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. என் கண்முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். அதற்கு அது என்ன செய்கிறது தெரியுமா? தன் கையை எடுத்து விக்டரின் கண்களை மூடுகிறது! நீ வெறுக்கும் காட்சியை இப்படி விலக்குகிறேன், இனி நீ கேட்கலாமே என்பதுபோல. விக்டர் அந்தக் கையைத் தட்டிவிடுகிறான், ஆனாலும் பிறகு உட்கார்ந்து கதையைக் கேட்கிறான். கடைசியில் வால்டன் அதை நேருக்கு நேர் பார்க்கும்போது தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறார், அப்புறம் “நில்” என்று கூப்பிடுகிறார், அது நின்று பேசுகிறது.

என் புது வாக்கியம்: ‘பார்க்கும் வரை அது பேய், கேட்கத் தொடங்கினால் அது மனிதன்.’ தேறுமா?

கறையான் எழுதியது:

பனிமலைக் கையை நான் கவனித்ததே இல்லை, மூன்று முறை படித்தவன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். எடுத்துப் பார்த்தேன், இருக்கிறது. சபாஷ்.

ஆனால் வாக்கியம் ரொம்ப அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகம். விக்டர் மலையில் முழுக் கதையையும் கேட்டான் அல்லவா? மனமும் கொஞ்சம் இளகியது, துணைக்கு ஒரு பெண்ணைச் செய்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தான். பிறகு என்ன ஆயிற்று? பாதி செய்ததைக் கிழித்துப் போட்டான். கேட்டால் போதும் என்றால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டுமே.

அரைப்பக்கம் எழுதியது:

ஐயோ. ஆமாம்.

கிழிக்கும் இடத்தை இப்போதுதான் திரும்பப் படித்தேன். இரவு, விக்டர் வேலை மேஜையில் தனியாக இருக்கிறான், நிமிர்ந்து பார்த்தால் நிலா வெளிச்சத்தில் ஜன்னலில் அதன் முகம், உதட்டில் ஒரு இளிப்பு. உடம்பு நடுங்க அந்த நொடியில் கிழிக்கிறான். அதாவது காதால் கேட்டுக் கொடுத்த வாக்கு, கண்ணால் பார்த்ததும் போயிற்று! அப்படியென்றால் என் கட்சி நிற்கிறதுதானே? ஆனால் இன்னொரு பக்கம், முகம் தெரிவதற்கு முன்பே அவன் பயப்பட ஆரம்பித்துவிட்டான். இவை இரண்டும் சேர்ந்து ஒரு வம்சமே பெருகினால் என்ன ஆகும் என்று அவனாக யோசித்துக்கொண்டிருக்கிறான். அது முகத்தைப் பார்த்த வெறுப்பு இல்லை, அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வாக்கியத்தில் இதை எங்கே செருகுவது?

பழுப்புத்தாள் எழுதியது:

செருக வேண்டாம், வாக்கியத்தை மாற்றுங்கள். ‘கேட்டால் மனிதன்’ என்பதில் கேட்பதற்கு அதிகமாக மார்க் போட்டுவிட்டீர்கள். இந்த நாவலில் கேட்பது இரக்கத்தை உண்டாக்குகிறது, ஆனால் அந்த இரக்கம் ஒரு பார்வையைக் கூடத் தாங்குவதில்லை, பயமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். இந்த மாதிரி ஏதாவது. உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கையில் வைத்துக்கொண்டே விட்டுவிட்டீர்கள். வடிவத்தைப் பாருங்கள். அது விக்டரிடம் சொல்கிறது, விக்டர் வால்டனிடம் சொல்கிறான், வால்டன் தன் அக்காள் மார்கரெட்டுக்குக் கடிதமாக எழுதுகிறார். அந்த அம்மாளின் பதில் ஒன்றுகூடப் புத்தகத்தில் கிடையாது. நாவல் முழுக்கவே ஒருவர் சொல்ல ஒருவர் கேட்பதுதான். வாசகரான நாம் அதை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்ப்பதில்லை, அந்தக் கிழவரின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். கழுத்தில் ஆணி அடித்த அந்த முகம் நமக்குச் சினிமாவிலிருந்து வந்தது, புத்தகத்தில் ஆணியே இல்லை. உங்கள் கட்டுரையின் கடைசிப் பக்கம் இதுதான் என்பேன்.

‘அறிவியலின் ஆபத்து’ எங்கே போயிற்று என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை. இரண்டு வருஷம் இரவு பகலாக அதன் உடலைப் பார்த்துப் பார்த்துச் செய்தவன், அது கண் திறந்து தன்னைப் பார்த்ததும் ஓடுகிறான். அங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

உரைகாரி எழுதியது:

கிழவரின் நாற்காலி! இதை நான் திருடிக்கொள்கிறேன்.

அரைப்பக்கம், பழைய நான்கு பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள், அடுத்த கட்டுரைக்கு முன்னால் எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள், நன்றாகச் சிரிக்கலாம். நான் இன்னும் என்னுடையதை வைத்திருக்கிறேன்.

கறையான் எழுதியது:

அது குளத்துத் தண்ணீரில் தன் முகத்தைத் தானே பார்த்துப் பயப்படும் இடத்தை யாருமே சொல்லவில்லை. அடுத்தவர் கண் என்றால் சரி, தன் கண்ணே அப்படிப் பார்த்தால்?

அரைப்பக்கம் எழுதியது:

அண்ணா, திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.

(எடுத்துவிட்டேன், படித்துக்கொண்டிருக்கிறேன்.)